சாயம் போன அரையிறுதி

இன்று தாமல் போகும் பஸ்ஸில் பந்தோடு ஏறிய பெண்களைப் பார்த்துப் பக்கத்து சீட் பெரியவர் சொன்னார்: "நம்ம காலத்துல பொண்ணுங்க எங்கம்மா ஃபுட்பால் ஆடுச்சுங்க?"

எழுபதுகளில் மாநிலப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் காஞ்சிபுரத்துக்காக ஆடியவள் நான்.

சாயக்காரர் மகளான எங்கள் கேப்டன் கமலா, பட்டுக்குப் போட்டு மீந்த சிவப்பில் எங்கள் பருத்திப் பனியன்களை முக்கியெடுத்தாள். பட்டுச் சாயம் பருத்தியில் நிற்குமா?

அரையிறுதியில் மழை. எங்கள் சாயம் எதிரணியின் வெள்ளைச் சட்டைகளிலும் ஏறி, எல்லோரும் ரோஸ். நடுவர் ஆட்டத்தை நிறுத்தப் போனார்.

கமலா விடவில்லை. "சட்டைய ஏன் சார் பாக்கறீங்க? காலைப் பாருங்க. ஷூ இல்லாத காலெல்லாம் நாங்க!"

ஆடினோம். ஜெயித்தோம்.

இதையெல்லாம் சொல்லியும் பெரியவர் நம்பவில்லை. செருப்பைக் கழற்றி, அன்று ஷூவில் மிதிபட்டு இன்றுவரை நகம் முளைக்காத கட்டைவிரலைக் காட்டினேன்.

இனி வெறுங்காலோடே பஸ் ஏறலாமென்றிருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?