என் சகலையும் நெட்டுக்காசும்

பிரவுசிங் சென்டர் என்பது, அடுத்தவர் பணக்காரர் ஆவதை மணிக்கு முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்.

கொடைக்கானலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்வெட்டர் கடையின் மாடியில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு நான் அந்தத் தொழிலைச் செய்தேன். செல்போனில் நெட் வராத காலம். பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், சீசனுக்கு வந்து ஊருக்கு மெயில் அனுப்புகிறவர்கள் என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தக் காசு வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எங்கள் ஊர் அதற்கு நெட்டுக்காசு என்று பெயர் வைத்தது. கையில் பிடிக்க முடியாது, சுண்டிப் பார்க்க முடியாது. திரையில் தெரியும் வெறும் எண்தான். ஒரு வெப்சைட்டில் வாங்க வேண்டும். விற்பதற்கு எக்ஸ்சேஞ்ச் என்று இன்னொரு வெப்சைட். காலையில் ஒரு விலை, சாயங்காலம் அதைவிடக் கூடின விலை.

உங்களுக்கு ஒரு சகலை இருந்து, அவர் உங்களைவிட அதிகமாகச் சம்பாதித்தால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள். மற்றவர்களுக்கு என் கஷ்டம் புரியாது.

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

முத்துராசு என் மனைவியின் தங்கை புருஷன். பெருமாள்மலைக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஜீப் ஓட்டுகிறவர். நான் மூத்த மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. எங்கள் மாமனாருக்குப் பண்ணைக்காட்டில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. ஆண் வாரிசு கிடையாது. தோட்டத்தில் பாதி எனக்கு வரும் என்று நம்பித்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பொய் இல்லை. அந்தப் பாதியைத் தவிர இந்த மலையில் எனக்கென்று இருந்தது நான்கு பழைய கம்ப்யூட்டர்கள்தான்.

ஜீப்புக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணத்தோடு முத்துராசு ஒரு நாள் மாடியேறி வந்தார். அவருக்குக் கீபோர்டில் கை வைக்கப் பயம். நான்தான் உட்கார்ந்து தட்டி அவருக்கு நெட்டுக்காசு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை மாதத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. அதில் பாதியை எக்ஸ்சேஞ்சில் விற்க, மதுரையில் அந்த எக்ஸ்சேஞ்சின் ஆள் ஒருவன் உண்மையாகவே நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டான். பட்டனை அழுத்தியது என் விரல், டயர் அவருக்கு. கிளம்பும்போது ஐம்பது ரூபாய்த் தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிச்சத்தை வச்சுக்கங்க சகலை, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டு வாங்கிக் குடுங்க."

பங்குதாரர்

புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால், சேர்த்துவிட்டவருக்குப் பத்து நெட்டுக்காசு கமிஷன் என்று ஒரு விதி உண்டு. எங்கள் பக்கத்தில் தொழில் தொடங்குகிறவர்கள் பழனி முருகனைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதும், அவர் பங்கை உண்டியலில் கொண்டுபோய்ப் போடுவதும் வழக்கம். முத்துராசு இந்த இரண்டையும் ஒன்றாக்கினார். முருகனையே மெம்பராகச் சேர்க்கச் சொன்னார்.

முதல் பெயர் பழனி, கடைசிப் பெயர் ஆண்டவர் என்று அடித்தேன். பிறந்த தேதி கேட்டது. "வைகாசி விசாகம்" என்றார். வருஷம் வேண்டுமே என்றதற்கு, "பதினெட்டு வயசுக்கு மேலன்னு போடுங்க, போதும்" என்றார். என்ன வேலை என்று அடுத்த கட்டத்தில் ஒரு பட்டியல் வந்தது. விவசாயி, டிரைவர், ஆசிரியர் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். சகலை கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லாத்தையும் விட்டுட்டுத்தான மலை மேல நிக்கிறாரு, ரிட்டயர்டுன்னு போடுங்க" என்றார். வெப்சைட் ஏற்றுக்கொண்டது. முருகன் பங்கு என்று சகலை அதில் கொஞ்சம் பணமும் போட்டார். சகலைக்குப் பத்துக் காசு விழுந்தது. அடுத்த மாதம் முருகன் கணக்கும் இரண்டு மடங்கு ஆயிற்று. சாமியைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதுதான். ஆனால் ஒரு பேருக்காவது என்னைச் சேர்க்கலாமா என்று அவருக்குத் தோன்றவில்லையே.

கீழே ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சாகுல் பாய் அந்த நேரம் லூதியானாவுக்கு மெயில் அனுப்ப வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போகும்போது சொன்னார்: "பாஸ்வேர்டை பத்திரமா எழுதி வைங்க தம்பி, நாளைக்கு அவரே நேர்ல வந்து கேட்டா முழிக்கக் கூடாது."

எட்டு நாள் முதலாளி

எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டே இருப்பது? மனைவிக்குத் தெரியாமல் நானும் மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஏழு நாள் ஏறியது. அந்த ஏழு நாளும் வாடிக்கையாளர்களிடம் நான் பேசிய தோரணையே வேறு. எட்டாம் நாள் விலை சரிந்தது. பயந்துபோய் பாதி விலைக்கு விற்றேன். ஒன்பதாம் நாள் அது மறுபடி ஏறி, பழைய விலையையும் தாண்டிப் போயிற்று. சரிந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நான் விற்ற பிறகு ஏறியதைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சகலை லட்டு கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் கல்லாவில் உட்காருவது என் மனைவிதான். விஷயம் இரண்டே நாளில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில்லறையை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தங்கச்சி வீட்டுக்காரரு வாங்குனா ஏறுது, நீங்க வாங்குனா எறங்குது. காசுக்குக்கூட ஆளு தெரியுது பாருங்க."

துண்டு

மார்க்கெட்டில் கேரட் கழுவி மூட்டை பிடிக்கிற பாக்கியம் அக்காவை முத்துராசு அழைத்து வந்தார். அக்காவுடைய குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே திரும்பி வந்த குடும்பம். பணத்தைச் சல்லி என்றுதான் சொல்வார். மகளைப் படிக்கவைக்கச் சேர்த்த பணம், முந்தானையில் முடிந்திருந்தது. நான் ஃபாரத்தைத் திறந்தேன்.

"தம்பி, சல்லி குடுத்தா துண்டு குடுப்பாங்களா?" என்றார்.

"துண்டெல்லாம் கீழே பாய் கடையில கெடைக்கும்க்கா" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். தோளில் போடும் துண்டு இல்லையாம். அவர்கள் தோட்டத்துப் பேச்சில் துண்டு என்றால் சீட்டு, ரசீது. அந்த நாட்டில் பேர் பதியத் துண்டு, அரிசிக்குத் துண்டு, கப்பல் ஏறவும் துண்டு. ஒரு துண்டு தவறியதால் அவருடைய சித்தப்பா குடும்பம் அங்கேயே நின்றுபோனதாம். துண்டு எதுவும் கிடையாது, வேண்டுமென்றால் ஐந்து ரூபாய்க்குத் திரையில் இருப்பதைப் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன். முத்துராசு பக்கத்திலேயே நின்று, இது நவீன காசு, இதற்கு ரசீது தேவையில்லை என்று கால் மணி நேரம் விளக்கினார். அக்கா முடிச்சை அவிழ்க்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட புத்தி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சகலைக்குப் பத்துக் காசு போச்சு என்றுதான் உள்ளுக்குள் குளிர்ந்தது. படியிறங்கும்போது அக்கா சொன்னது இது: "பிரிண்டு நீங்க அடிக்கிறது தம்பி. சல்லி வாங்குனவன் கையெழுத்து வச்ச துண்டு வேணும். அவன் யாருன்னு ஒங்களுக்கே தெரியலையே."

மோர்

மாமனார் வீட்டில் கறி விருந்து. முத்துராசு பழைய ஜீப்பை விற்றுவிட்டு, கடனும் வாங்கிப் புது ஜீப் எடுத்திருந்தார். கடனில் மிச்சத்தை நெட்டுக்காசில் போட்டிருந்தார். கோழிக் கால் இரண்டும் அவர் இலைக்கே போயின. மூத்த மாப்பிள்ளைக்குக் கழுத்து.

சாப்பாட்டின் நடுவில் மாமனார் விஷயத்தை உடைத்தார். தேனிக்காரர் ஒருவர் தோட்டத்தைக் கேட்கிறார், அட்வான்ஸை வாங்கி அப்படியே நெட்டுக்காசில் போடப் போகிறேன், ஆறு மாதத்தில் இதைப்போல இரண்டு தோட்டம் வாங்கலாம் என்றார். காசை விற்றால் பணம் வரப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சில் புது விதி போட்டிருந்தார்கள். போன வாரம் அது முப்பது நாளாகியிருந்தது. அட்வான்ஸ் அதில் மாட்டிக்கொண்டால் தேனிக்காரருக்குத் திருப்பித் தரவும் முடியாது, தோட்டமும் போய்விடும். வேண்டாம் மாமா என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தக் காசு சொக்கத் தங்கமாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்பதும் உண்மை. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாமியார் என் இலையில் கிடந்த கழுத்தைப் பார்த்தார். மாமனார் நிதானமாகச் சொன்னார்: "வயித்தெரிச்சலா இருந்தா மோரை ஊத்திக்கங்க மாப்ளே."

கம்பத்தில் கோளாறு

திங்கட்கிழமை வெள்ளனே மஞ்சள் பையோடு மாமனார் வந்துவிட்டார். கூடவே முத்துராசு. பெரிய தொகை என்பதால் அவருக்கு ஐந்நூறு காசு கமிஷன். வெளியே சாரல், மேகம் ஜன்னல் வரை இறங்கியிருந்தது. மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். காலை நீட்டி, மேஜைக்கு அடியில் டெலிபோன் ஒயரைப் பெருவிரலால் இழுத்துவிட்டேன். "லைன் போயிருச்சு மாமா" என்றேன். தோட்டத்தைக் காப்பாற்றத்தான் இழுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இழுத்தபோது என் கண்ணில் நின்றது அந்த ஐந்நூறு காசுதான்.

செவ்வாய்க்கிழமையும் லைன் இல்லை. பக்கத்துத் தெருவிலேயே இன்னும் இரண்டு சென்டர் இருந்தன. அங்கே போகலாம் என்று முத்துராசு துடித்தார். மாமனார் அசையவில்லை. மருமகன் கடை இருக்கும்போது அடுத்தவன் கடைக்கு ஏறினால் ஊர் என்ன பேசும்? பையை மடியில் வைத்துக்கொண்டு என் கடையிலேயே இரண்டு நாள் காத்திருந்தார். மற்ற வாடிக்கையாளர்களும் திரும்பிப் போனார்கள், எனக்கு வருமானமே இல்லை. சகலைக்குக் கமிஷன் போகாமல் இருக்க அதையும் பொறுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை முத்துராசு லைன்மேனை இழுத்து வந்துவிட்டார். லைன்மேன் டார்ச்சோடு மேஜைக்கு அடியில் குனிந்தார். கழன்று கிடந்த ஒயரைப் பார்த்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "சின்ன மாப்பிள்ளைக்கு கமிஷன்" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, கம்பத்திலேயே கோளாறு, நாளைக்குத்தான் சரியாகும் என்று மாமனாரிடம் அறிவித்தார். படி வரை போய் வழியனுப்பினேன். டீக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. காதோரம் குனிந்து சொன்னார்: "வேணாம் சார். எனக்கும் ஒரு சகலை இருக்காரு."

வியாழக்கிழமை

அதற்கு மேல் இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. வியாழக்கிழமை ஒயரைச் செருகினேன். நெட் வந்தது, எக்ஸ்சேஞ்ச் வரவில்லை. வெறும் வெள்ளைப் பக்கம். காசு வாங்கும் வெப்சைட் மட்டும் திறந்தது. அதில் விலை எப்போதும் இல்லாத உயரத்தில் இருந்தது. விற்கத்தான் இடம் இல்லை. மதுரை ஆள் போனை எடுக்கவில்லை. திரைக் கணக்குப்படி முத்துராசு அன்றைக்கும் லட்சாதிபதி, முருகனும் அப்படியே.

சகலை மூன்றாம் நம்பர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சந்தோஷம் வந்ததா? வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் நிறையவே வந்தது. அப்புறம், அதுவரை கீபோர்டைத் தொடாத மனுஷன் ஒற்றை விரலால் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதைக் கண்டதும் அது நின்றுவிட்டது. அடுத்த மாதம் கடன்காரர்கள் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

மாமனார் தேனிக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். தோட்டம் தப்பியது. அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்ணைக்காட்டுக்குப் போனேன். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சாக்கை விரித்துக் கிளறிக்கொண்டிருந்தவர் முத்துராசு. மாமனார் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்: "ஒங்க கடை லைன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, திங்கக்கெழமையே போட்டு புதன்கெழமையே வெரசா எடுத்திருப்பேன். சின்ன மாப்ளே ஜீப்பும் தப்பிச்சிருக்கும். இப்ப பாருங்க, பாவம், சோலி இல்லாமக் கெடக்காரு. நீங்கதான் கம்ப்யூட்டர் வச்சு சம்பாதிக்கிறீங்களே, இனிமே தோட்டம் மொத்தத்தையும் அவரே பாத்துக்கிடட்டும்."

எல்லாவற்றையும் தோற்ற ஒரு மனுஷனைப் பார்த்தும் வயிறெரிய முடியும் என்று தெரிந்துகொண்டதுதான், நெட்டுக்காசில் எனக்குக் கையில் வந்த ஒரே லாபம்.