பச்சைத் தண்டு நாற்றுகள்

விதைப் பண்ணையில் அவளை எல்லோரும் இடுக்கியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தக்காளி மொட்டில் அவள் இடுக்கி வைத்தால் பூவுக்கே தெரியாது என்று கேலி பேசுவார்கள்.

நாளை மலரப்போகும் மொட்டை இன்றே பிரிக்க வேண்டும். பச்சைப் புல்லி இதழ்களையும் வெளிர்மஞ்சள் அல்லி இதழ்களையும் விலக்கினால், உள்ளே மகரந்தப்பைகள் கூம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூம்பை முழுசாகக் கழற்றிவிட்டால் நடுவில் சூல்தண்டு மட்டும் நிற்கும். மறுநாள் அதன் உச்சியில், சூல்முடியில், வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். மகரந்தப்பையின் ஒரு துணுக்கு தங்கினாலும் போச்சு. பூ தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும், கலப்பு விதை கிடைக்காது.

அந்தத் துணுக்குதான் இப்போதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. கிட்டே கொண்டுவந்தால் மொட்டு புகை மாதிரி கலங்கியது. கண்ணாடி போட்ட ஒருத்தியை மொட்டு வேலையிலிருந்து தூக்கியதைப் பார்த்தவள், வாயே திறக்கவில்லை. விரல் பழக்கத்தை நம்பி ஓட்டினாள்.

அந்தப் பருவத்தில்தான் நாத்தனாரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். இருவருக்கும் ஒரே வரிசை. ஆளுக்கொரு பக்கம்.

அறுவடையான விதையைச் சோதனைக்காக முளைக்கப் போட்டார்கள். மகரந்தம் தந்த ஆண் செடி ஊதாத் தண்டு ரகம்; இவர்கள் மொட்டுப் பிரித்த செடி பச்சைத் தண்டு. கலப்பு சரியாக நடந்திருந்தால் எல்லா நாற்றும் ஊதாவாக வர வேண்டும். அவர்கள் வரிசைத் தட்டில் மட்டும் ஊதாவுக்கு நடுவே அங்கங்கே பச்சைத் தண்டுகள் நின்றன.

சூப்பர்வைசர் நாத்தனாரைத்தான் பார்த்தார். "புதுசா வந்தவங்க பழைய ஆளுங்களப் பாத்து வேலை கத்துக்கணும். இவ்ளோ அலட்சியமா?"

"சார், நான் ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்துத்தான் எடுத்தேன். அண்ணியக் கேளுங்க."

எல்லோரும் இடுக்கியக்காவைப் பார்த்தார்கள். அவள் நாற்றுத் தட்டையே பார்த்தாள்.

அன்றே நாத்தனாருக்குக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வீட்டில் அவள் அழவில்லை. பாத்திரத்தைத்தான் ணங்கு ணங்கென்று வைத்தாள். "பூ புடுங்குற வேலையில கூடவா கோட்டை விட்ட?" என்று அண்ணன்காரன் சிரித்தபோது, அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இடுக்கியக்கா பாதிச் சோற்றிலேயே கை கழுவினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மொட்டையும் அவளும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; துணுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒருநாள் மதியம் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"அந்தப் பச்சை நாத்து என் பக்கத்துது சார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு கண்ணாடியோட போயிருக்குமே! இப்ப மேல இருக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நாத்தனாரைத் திரும்ப அழைத்தார்கள். இடுக்கியக்காவை விதை கழுவும் கூடத்துக்கு மாற்றினார்கள்.

செய்தியை அவளே நாத்தனாரிடம் சொன்னாள். "நாளைலேர்ந்து வரச் சொன்னாங்க. தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்."

நாத்தனார் துணி மடித்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை நாளா வாயைப் பூட்டி சாவிய எங்க அண்ணி போட்டிருந்தீங்க?"

"பயம்டீ."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? தெருவே என்னை வேலைக்கு லாயக்கில்லாதவள்னு பேசிச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

இடுக்கியக்கா குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தானும் மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் இருவரும் ஒரே வழியில்தான் வேலைக்குப் போனார்கள். நாத்தனார் பத்தடி முன்னால், விறுவிறுவென்று. இடுக்கியக்கா, முந்தின நாள் சாயங்காலமே வாங்கிய புதுக் கண்ணாடி மூக்கில் உறுத்த, "மெதுவாப் போ, நானும் வரேன்" என்றாள். நாத்தனார் திரும்பவில்லை. ஆனால் சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றாள். இவள் வந்து சேர்ந்ததும், முகத்தைப் பார்க்காமலே மறுபடி நடக்கத் தொடங்கினாள்.