காலை ஒன்பது மணித் தாள்

பிள்ளைகளா, சிஸ்டம் ரூமிலிருந்து என்னை ஏன் ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். நடந்தது இதுதான்.

மதுரையில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் சர்வர்கள் இருந்தன. ஒன்று பழசு, வேலையில்லாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மற்றதில் ரத்தப் பரிசோதனை முடிவுகள். எது எது என்று முன்பக்கம் லேபிள் எழுதி ஒட்டியவன் நான். பத்தாவது படித்த எனக்கு அதுவே பெரிய பொறுப்பு.

அவற்றைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு வண்டியூர்ப் பக்கம் வீடு. அவன் அம்மாவோடு போனில் சௌராஷ்டிரம் பேசுவான், என்னோடு மதுரைப் பேச்சு. அவன் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தான். காலை ஒன்பது மணிக்கு அது தானாக ஓடும். ஒவ்வொரு மெசினிடமும் விவரம் கேட்டு, அவன் தனி ஃபைலில் எழுதி வைத்த குறிப்புகளையும் சேர்த்து, ஒரு தாளாக அச்சடித்துவிடும். பெயர், பின்பக்கம் பொறித்த எண், அதில் என்ன ஓடுகிறது, பொறுப்பு யார், அடியில் குறிப்பு.

“லேபிள் இருக்கையில இது எதுக்கு மாப்ள?” என்றேன்.

“லேபிள் நீங்க சொல்றதுண்ணே. இது மெசினே சொல்றது. உங்களவிடக் கொஞ்சம் படிச்சது,” என்று சிரித்தான்.

ஆயுத பூஜைக்கு இரண்டையும் ஈரத் துணியால் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். லேபிள்கள் ஊறிக் கழன்றுவிட்டன. காயவைத்துத் திரும்ப ஒட்டினேன்.

அடுத்த வாரம் மழையில் பைக் சறுக்கி அவன் இறந்துபோனான்.

தாள் நிற்கவில்லை. ஒன்பது மணிக்கு பிரின்டர் கரகரக்கும். பொறுப்பு என்ற இடத்தில் அவன் பெயர். அதைப் பார்க்கவே பயந்து, கவிழ்த்துக் கம்பியில் குத்திவிடுவேன்.

தை மாதம், பழைய சர்வரில் உள்ளதையெல்லாம் அழிக்க வெளியாள் வந்தார்.

“எதுண்ணே அழிக்கணும்?”

லேபிளைப் பார்த்துக் காட்டினேன். மதியம் லேப்பில் ஒரு முடிவும் திறக்கவில்லை. பேக்கப் பத்து நாள் பழசு. அந்தப் பத்து நாளில் வந்துபோன அம்புட்டுப் பேரையும் திரும்ப வரவழைத்து ஊசி குத்தினார்கள். ஒரு கைக்குழந்தை அழுத அழுகை மாடிவரை கேட்டது.

“எதப் பாத்துய்யா காட்டுன?” என்றார் மேனேஜர்.

“தம்பியோட தாளப் பாத்துத்தான் சார்.” வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாய் சொல்லிவிட்டது.

“செத்தும் நம்மளக் கெடுத்துட்டான். நாளையிலருந்து அந்தத் தாள நிப்பாட்டு.”

நிறுத்துவது எப்படி என்று அவனே எனக்குக் காட்டியிருந்தான். மறுநாள் காலை அதை நிறுத்தப் போனபோது, பக்கத்திலேயே இருந்த அவன் குறிப்பு ஃபைலைத் திறந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான்: “பூஜைக்கப்புறம் லேபிள் மாறிக் கெடக்கு. அண்ணன்ட்ட சொல்லணும்.”

கம்பியிலிருந்த தாள்களை உருவினேன். ஒவ்வொன்றின் அடியிலும் அதே வரி. மூன்று மாதம் தினமும் சொல்லியிருக்கிறான்.

தாள்களைக் கட்டோடு மேனேஜர் மேசையில் வைத்தேன். “தாள் சரியாத்தான் சொல்லிருக்கு சார். நான்தான் பாக்கல. நேத்துப் பொய் சொன்னேன்.”

அவர் ஒரு தாளை எடுத்து அடிவரை படித்தார். “தாள் வரட்டும். நீ ஜெனரேட்டருக்குப் போ,” என்றார்.

போகும் முன் லேபிளைச் சரியாக மாற்றி ஒட்டினேன். அந்தக் கடைசி வரியை அழிக்கத்தான் கை வரவில்லை. நான் போன பிறகும் அது தினமும் ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தது.