அருளப்பன் அண்ணன் நிறுத்திய ஏழு விநாடி

பத்தாம் வகுப்பில் அமிலங்களைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஜெரோமின் அழைப்பு வந்தது. வகுப்பு நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அதிர்ந்ததால் வராந்தாவுக்குப் போய் எடுத்தேன். அருளப்பன் அண்ணனும் நானும் இருக்கும் மூவர் பாட்டுக் குழுவில் ஜெரோம்தான் டிரம்ஸ் வாசிப்பவன். எதையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வான். அன்று நேராகச் சொன்னான். "அண்ணே போயிட்டாருங்க டீச்சர். பட்டறையில நெஞ்சு வலிக்கிதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கல." உள்ளே வந்து கரும்பலகையில் பாதியில் நின்ற சமன்பாட்டை எழுதி முடித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நானும் அண்ணனும் பேசி இருபது நாள் ஆகியிருந்தது. போட்ட சண்டையை முடிக்காமல் மனிதர் பாட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அருளப்பன் அண்ணனை அன்னவாசல் வெல்டிங் பட்டறைக்காரராக எல்லோருக்கும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு அதே பட்டறையில் பாட்டுக் கேட்கக் கூடிய நமக்கு அவர் வேறு ஆள். சொந்த ஊர் ஆவூர். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் பதினோரு வருடம் பற்றவைத்துவிட்டு, ஒரு மின்கித்தாரும் ஒரு பெட்டி நிறைய கேசட்டுகளுமாக வந்து இறங்கினார். எங்கள் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கம்பி பற்றவைக்கச் சொல்லப் போனபோதுதான் முதலில் பார்த்தேன். கிரைண்டர் சத்தத்தையும் மீறி ஒரு பாட்டு கத்திக்கொண்டிருந்தது. பங்க் என்ற முரட்டு ராக் இசைக்கு அந்தப் பெயரே பிறக்காத காலத்தில் அப்படி வாசித்தவர்களின் பாட்டு. திருச்சி விடுதியில் தோழியின் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவள் என்பதால் அடையாளம் தெரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இதைவிட நன்றாகச் செய்தார்களே என்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று தொடங்கிய வாக்குவாதத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

புரோட்டோ பங்க், போஸ்ட் பங்க் என்பவற்றை நாம் முந்தினது, பிந்தினது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முந்தினதில் கித்தாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், மற்றது தொண்டை. கித்தார் இரைச்சலாக இருக்கும், தாளம் முன்னே பின்னே ஓடும், பாடுகிறவர் அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை போடுவது போலப் பாடுவார். அண்ணனுக்கு அதுதான் உயிர். பிந்தினவர்கள் பங்க்கின் கோபத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் இடைவெளி விட்டார்கள். கித்தார் ஒதுங்கி நிற்கும், அடிக்குரல் கித்தாரான பேஸ் முன்னால் வந்து நடக்கும். வாசிக்காமல் விட்ட இடமும் காதில் விழும். நான் பேஸ் கையில் எடுத்ததே அதனால்தான். அதைக் கேட்டால், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது என்பார் அண்ணன்.

அவர் சொன்னவற்றில் ஒன்றை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஒட்டுன எடம் தெரிஞ்சா என்னங்க? நிக்கிதா இல்லையா, அதப் பாருங்க." பிசகிய இடத்தைத் திரும்ப வாசிக்க நான் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் எடுத்து வீசுவார். ஒரு நாள் மடக்கினேன். இரும்புக் கேட் செய்யும்போது மட்டும் ஒட்டுத் தெரியாமல் தேய்த்துத் தேய்த்துக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கேட்டுல பிசிறு இருந்தா கை கிழியும் டீச்சர். பாட்டுல கிழிஞ்சாத் தப்பில்ல."

எங்கள் குழுவுக்கென்று ஒரே ஒரு பாட்டு தேறியது. டவுன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பற்றி அண்ணன் எழுதியது. அதைப் பதிவு செய்ய ஆவூரில் கோயிலை ஒட்டியிருந்த அவருடைய சித்தப்பா வீட்டைப் பிடித்தோம். ஞாயிறு பூசை முடிந்த பிறகு தொடங்கினோம். ஆறேழு முறை கெட்டு, ஒரு முறை எல்லாம் கூடி வந்தது. பாட்டின் உச்சத்தில், அண்ணன் "இப்ப வரும், இப்ப வரும்" என்று கத்திக்கொண்டிருந்த நேரத்தில், நண்பகல் மூவேளை செபத்துக்கான மணி அடித்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணனும் ஜெரோமும் பன்னிரண்டு மணியை மறந்துவிட்டார்கள். கைகள் மறக்கவில்லை. அண்ணனின் கை கித்தாரை விட்டு நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. ஜெரோம் குச்சியோடே போட்டான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் என் பேஸ் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழு விநாடி. பிறகு இரண்டு பேரும் திடுக்கிட்டு, தாளம் தப்பி, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு எரிச்சல். வீட்டில் உட்கார்ந்து அந்த ஏழு விநாடியை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அண்ணனுக்கு அனுப்பிய அன்று மாலையே பட்டறைக்கு வரச் சொன்னார். அவ்வளவு அமைதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நீங்க வெட்டுனது மணி இல்லீங்க. எங்க ரெண்டு பேரையும் வெட்டிட்டீங்க. எங்க ஊரு பாட்டுன்னு சொல்ல அதுல இருந்ததே அந்த ஒரு எடந்தான்." அதோடு நிறுத்தாமல், பேஸ் தனியாக நடக்கிற அந்த இடம்தானே நீங்கள் காலமெல்லாம் உயர்த்திப் பேசிய சங்கதி, அது தானாக வந்தபோது உங்கள் காதில் விழவில்லையா என்றும் கேட்டார். தோற்கும்போது என் நாக்கு நீளும். கோயில் கச்சேரிக்கு நான் வாசிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது. அவர் கூப்பிடுவார் என்று நானும், நான் கூப்பிடுவேன் என்று அவரும் இருந்திருக்கிறோம். வயது நாற்பத்தாறு எனக்கு, வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் ஸ்டெல்லா அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பட்டறையில் எல்லோரும் கூடும்போது அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்றார். எந்தப் பதிவு என்பதையும் அவரே சொன்னார். "அவுக நிப்பாட்டிக் கும்புடுவாகளே, அதப் போடுங்க. நீங்க வெட்டுனதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாக." எங்கள் சண்டை தெரிந்தவர் என் மேல் கோபப்பட்டிருக்கலாம், கோபப்படவில்லை, காபி கொடுத்தார். அந்தக் காபியைக் குடித்து முடிக்கத்தான் எனக்கு வெகுநேரம் ஆனது.

ஜெரோமுக்கு இதில் சம்மதமில்லை. உங்களில் நாலைந்து பேரும் அவன் பக்கம். செத்தவருடைய பிழையை ஊரைக் கூட்டி ஏன் காட்ட வேண்டும், சுத்தமாக இருக்கிற பதிவு கையில் இருக்கிறதே என்கிறீர்கள். அக்கறையில் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் வெட்டாத பதிவுதான் ஒலிக்கும். நான் வெட்டியதை என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன், யாரிடமாவது பிரதி இருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள். இதை யோசனையாகச் சொல்லவில்லை. முடிவு செய்தாகிவிட்டது. என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் பட்டறைக்கு வரலாம், சாவி என்னிடம் இருக்கிறது.

இந்த நாட்களில் அந்தப் பதிவைப் பலமுறை கேட்டுவிட்டேன். மணிக்கு நடுவே என் பேஸ் ஆளில்லாத ரோட்டில் போவது போலப் போகிறது. நான் வாசித்ததிலேயே நல்ல இடம் அது. பிந்தினதின் அருமையை முந்தினதுக்காரர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: தனக்குப் பிடிக்காத கட்சியில் நல்லது நடந்தாலும் கேட்கிற காது. வளர்த்துக்கொள்ள எனக்கு வருடக்கணக்காகும், வளர்த்துக்கொள்வேன். அதற்காக அவர் இறந்துவிட்டார் என்று கட்சி மாறினால் அவரே என்னை மதிக்கமாட்டார்.

அண்ணே, வெட்டினது என் தப்பு. பிந்தினதுதான் ஒசத்தி, அதில் மாற்றமில்லை.