இருபத்தொன்பது கிலோ

என் மாமாவின் பிழைப்பையே மாற்றப்போகிற ஒரு வேலையை நான் சரியாக இருபத்தொன்பது கிலோ அளவுக்குக் கெடுத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கெடுத்தது எனக்கே தெரியாது. பெரிய உதவி செய்துவிட்டதாகத்தான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதியமான்கோட்டையில் பைபாஸை ஒட்டித் தகரக் கூரை போட்ட டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். லாரி கேபின், டிராக்டர் மட்கார்டு, பள்ளிக்கூட வேன் என்று எது நசுங்கி வந்தாலும் தட்டி நிமிர்த்திவிடுவார். சாப்பாடு எங்கள் வீட்டில். அந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் பட்டறைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் மிஞ்சியது ஒரு ஸ்டூல் போடுகிற இடம்தான். அம்மா மாமாவுக்குச் சோறு போடும்போதெல்லாம், "பட்டறைய இடிச்சிட்டா எங்கடா போவ?" என்று கேட்பார். மாமா, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துக்கா" என்பார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சிவப்புக் கார் வந்தது. வந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெளிநாட்டில் எந்தக் காலத்திலோ செய்த பந்தயக் கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரைக்குப் பதில் மடித்துவைக்கிற கேன்வாஸ் துணி. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல உக்காந்தா ரோட்டுல கெடக்கற காசக் கூடப் பொறுக்கலாம்" என்றார்.

காரின் சொந்தக்காரர் பெங்களூர்க்காரர். பழைய கார்களாகச் சேர்த்து ஒரு பெரிய ஷெட்டே வைத்திருந்தவர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். சேலம் போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது. மாமா எதையோ கழற்றி ஊதி மாட்டி அதைக் கிளப்பிவிட்டார். கிளப்பியதோடு விட்டாரா? முன்பக்கத் தகட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நசுங்கின எடத்துல எல்லாம் தட்டி எடுக்காம பட்டி மாவ அப்பி வெச்சிருக்காங்க. காரு பாதி, மண்ணு பாதியா ஓட்டிக்கிட்டு இருக்கறீங்க."

பெங்களூர்க்காரருக்கு அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. கர்நாடகத்தில் ஒரு காபித் தோட்டத்து மலையில் பந்தயம் வருகிறதாம். கார்கள் ஒவ்வொன்றாக மலையேற வேண்டும், நேரம் குறிப்பார்கள். வண்டி கனமாக இருப்பதால் வளைவில் திணறுகிறது. எஞ்சினைத் தொடக் கூடாது. மற்றபடி என்ன செய்தாவது நூறு கிலோ குறைக்க வேண்டும், ஒரு மாதம் டைம். குறைத்துவிட்டால் மாமாவுக்குத் தன் ஷெட்டிலேயே நிரந்தர வேலை. மாமா சிவப்புக் கோட்டை ஒரு தடவை பார்த்தார், சரியென்றார்.

முதலில் வண்டியின் இப்போதைய எடை தெரியவேண்டுமே. ரோட்டோரத்தில் லாரிகள் ஏறி நிற்கிற எடை மேடைக்குப் புறப்பட்டார்கள். அந்த மேடை எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. மாங்காய் சீசனில் லோடு டிராக்டரை அதில்தான் நிறுத்துவோம். முதலில் லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டுக் காலி வண்டிக்கு ஒரு எடை. அதைக் கழித்தால் மாங்காய். லோடோடு நிற்கும்போது அப்பா டிராக்டர் மேலேயே நகராமல் உட்கார்ந்திருப்பார். காலி வண்டிக்கு எடை போடும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்தோ டீ தாகம் வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார். மாங்காயோடு மாங்காயாக அப்பாவும் விலைபோய்விடுவார். "மண்டிக்காரனுங்க கழிவுன்னு புடிக்கறானுங்கல்ல, அதுக்கு இது" என்று அவருக்கு ஒரு நியாயம்.

இந்த வித்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். முதல் எடையில் ஏறிக்கொள்ள வேண்டும், இரண்டாவது எடையில் இறங்கிக்கொள்ள வேண்டும். இதைக்கூட மாமாவுக்குச் செய்யாவிட்டால் நான் என்ன அக்கா மகள்? அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சீட்டுகளுக்குப் பின்னால் மடித்துக் கிடந்த கேன்வாஸுக்கு அடியில் நுழைந்து சுருண்டுகொண்டேன். எலி நாற்றம் குடலைப் பிடுங்கியது. எடை மேடையில் மாமாவும் பெங்களூர்க்காரரும் ஒழுங்காக இறங்கிப் போய் நின்றார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ரசீதில் தொள்ளாயிரத்து நாற்பது என்று வந்தது. திரும்பி வந்து அவர்கள் டீக்கடைக்குப் போனதும் வெளியே வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளிலிருந்து மாமா சாப்பாட்டையே மறந்தார். அப்பா தக்காளிக் கிரேடு என்கிற பிளாஸ்டிக் பெட்டிகளை எடை போடுகிற தராசைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் அதில் வைப்பது, எடையைச் சாக்பீஸால் சுவரில் எழுதுவது, மாற்றிப் போட்ட சாமானுக்கு எடை இருந்தால் அதைக் கழித்து எழுதுவது. ஸ்டெப்னி போனது. முன்னும் பின்னும் இருந்த பம்பர்கள் போயின. கண்ணாடிச் சட்டம் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்தது. குளிருக்கு வெதுவெதுப்பாக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருந்தது. சித்திரை வெயிலில் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பட்டியைச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததே ஒரு சாக்கில் பதினோரு கிலோ. தரைக் கம்பளத்தை அம்மா துவைத்து எங்கள் வாசலில் மிதியடியாகப் போட்டுக்கொண்டார்.

அம்மா சும்மா இருப்பாரா? ஒரு வெள்ளிக்கிழமை வந்து வண்டியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டி, ஒரு முருகன் படத்தையும் ஒட்டிவிட்டுப் போனார். மாமா அவிழ்த்துத் தராசில் வைத்தார்.

"அக்கா, இது எரநூறு கிராம் இருக்குது."

"அடப்பாவி, சாமியவே எடை போடறியா?"

எலுமிச்சம்பழம் கழன்றது. முருகன் மட்டும் தப்பித்தார்.

அத்தனையும் கழன்ற வண்டியில் கழற்றாமல் ஒன்றை விட்டிருந்தார் மாமா. ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட். வேலை முடிந்ததும் வத்தல்மலைக்கு ஒரு ரவுண்டு கூட்டிப்போவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "அதையும் கழட்டிட்டா பாப்பா எங்க உக்காரும்?" என்றார். நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் எடை மேடைக்குப் போனோம், மாமாவும் நானும் மட்டும். என் மூச்சுக்காற்றுகூட மேடையில் படக்கூடாது என்று ரோட்டைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். எண்ணூற்று நாற்பது! சரியாக நூறு! நான் அங்கேயே குதித்தேன். மாமா குதிக்கவில்லை. ரசீதைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற என்னைப் பார்த்தார், மறுபடியும் ரசீதைப் பார்த்தார்.

பட்டறைக்கு வந்து சுவரில் எழுதியிருந்ததைக் கூட்டினார். எழுபத்தொன்று. அழித்துவிட்டு மறுபடியும் கூட்டினார். அதே எழுபத்தொன்று.

"பாப்பா, இங்க வா. இந்தத் தராசுல ஏறு பாக்கலாம்."

ஏறினேன். இருபத்தொன்பது.

"அடேயப்பா, எவ்ளோ வளந்துட்ட!" என்றார். பிறகு சாக்பீஸை எடுத்து, பம்பர், ஹீட்டர், பட்டி என்று போன பட்டியலின் கடைசியில் 'பாப்பா 29' என்று எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தயக் காரின் கணக்கில் என் பெயரும் சேர்ந்துவிட்டது! பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர் வந்தார். இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாமாவின் முதுகில் தட்டினார். அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மாமா வாயைத் திறந்தார்.

"இல்லீங்க சார். மொத எடை தப்பு. நான் உள்ள சரியா பாக்காம ஏத்திட்டேன். கொறஞ்சது எழுவத்தொண்ணுதான். என் தப்புங்க."

பெங்களூர்க்காரர் முகம் மாறிவிட்டது. "ரசீது ரெண்டும் கையில இருக்கு. நூறு இருக்கு. இப்ப வந்து தப்புன்னா என்ன அர்த்தம்? ஒரு எடை ஒழுங்கா போடத் தெரியாதவன என் ஷெட்டுல வெச்சுக்கவா?"

"மலை ஏறறப்ப தெரிஞ்சிடும் சார். அங்க போயி ரசீதக் காட்ட முடியாதுங்களே."

அவர் அங்குமிங்கும் நடந்தார். சுவரருகே நின்றார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, எண் தெரியும். கடைசி வரியில் விரலை வைத்தார். "இது என்ன, இருபத்தொம்பது?"

"அது ஒரு பார்ட்டுங்க."

"கழட்டிட்டியா?"

"இல்லீங்க சார். அது கழட்ட முடியாத பார்ட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன், நூறு குறையாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அம்மா மாமாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "கம்முனு இருந்திருந்தா என்னடா? அந்தாளே ஒத்துக்கிட்டான், உனக்கென்ன வந்துது? பொழைக்கத் தெரியாத மனுசன்!" மாமா, "வுடுக்கா" என்றார், அவ்வளவுதான். எனக்கும் அவர்மேல் அடங்காத கோபம். எலி நாற்றத்தில் கிடந்து நான் சம்பாதித்துக் கொடுத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே! போதாக்குறைக்கு என்னைப் பார்ட் என்று வேறு சொல்லிவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் தட்டுகிற சத்தம் ஓயவில்லை. டிக்கி மூடியை அலுமினியத்தில் அடித்துப் போட்டார். ஏழு கிலோ குறைந்தது. ஒரு பக்கத்துக் கதவையும் அப்படியே மாற்றினார், ஒன்பது. இன்னும் பதின்மூன்று வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சீட்டை ஒரு தடவை கையால் தடவினார். பிறகு நாலு போல்ட்டையும் கழற்றினார். தராசு சரியாகப் பதின்மூன்று காட்டியது. நான் ஓவென்று அழுதேன். "உங்க வாய்னாலதான் மாமா எல்லாம்!" என்று கத்தினேன். அவர் கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பெங்களூர்க்காரர் எதையும் நம்புகிற நிலையில் இல்லை. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் தன் கையால் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, மாற்றிப் போட்டவற்றின் எடையைக் கழித்து, போனில் தானே கூட்டிப் பார்த்தார். நூறு. கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் பெட்டியோட வந்துடு" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: வண்டியைப் பொழுது சாய்கிறவரைக்கும் விட்டுவைக்க வேண்டும், ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது.

அந்த டெஸ்ட் நான்தான். சீட் இருந்த இடத்தில் தக்காளிக் கிரேடைக் கவிழ்த்து, அதே போல்ட்டுகளால் முடுக்கி, மேலே சாக்கை மடித்துப் போட்டு, லாரிப் பட்டையால் என்னைச் சுற்றிக் கட்டினார். வத்தல்மலை ஏறினோம். நூறு கிலோ குறைத்த பந்தயக் காரை மாமா மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். பால்கேன் கட்டிய ஒரு மொபெட் எங்களை முந்திக்கொண்டு போனது.

"வேகமா போங்க மாமா!"

"பாரம் இருக்குதே கண்ணு. இருவத்தொம்போது கிலோ."

காற்று முகத்தில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் தர்மபுரி கீழே இறங்கிக்கொண்டே போனது. எனக்குக் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. பாவம், தெரியாமல் தப்புச் செய்துவிட்டார், போகட்டும் என்று பெரிய மனசு பண்ணி அவரை மன்னித்தேன். மனசோடு வைத்துக்கொள்ளாமல் சொல்லவும் சொன்னேன். "பரவால்ல மாமா. இனிமேலாச்சும் ஒழுங்கா எடை போடுங்க."

மாமா ரோட்டைப் பார்த்தபடியே, "சரி கண்ணு. இனிமே ஒழுங்கா போடறேன்" என்றார்.

அவர் பெங்களூர் போனார். பட்டறை இடிந்தது, அதன்மேல் இப்போது லாரிகள் ஓடுகின்றன. மாமாவுக்குக் கல்யாணமாகி, அந்த ஷெட்டில் இன்று அவருக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். போன பொங்கலுக்குப் பழைய போனில் கிடந்த ஒரு போட்டோவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பட்டறைச் சுவர். சாக்பீஸ் பட்டியல். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுபத்தொன்று, அதற்குக் கீழே பாப்பா இருபத்தொன்பது. நடுவில் சின்னதாக ஒரு கூட்டல் குறி, அடியில் கோடு, நூறு. அந்தக் கூட்டல் குறி அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும். என் பெயரைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

உடனே போன் போட்டேன். அவர் எடுத்தார். "மாமா, அந்தக் கூட்டல் குறி..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் யாரோ தகடு தட்டுகிற சத்தம் கேட்டது. நான் முடிப்பதற்குள் மாமாவே கேட்டார்.

"என்ன கண்ணு, ஒழுங்கா எடை போட்டிருக்கறனா?"