திருமுக்கூடல் மணலில் நாற்பது நிமிடம்

காலை 7.10. தாம்பரத்திலிருந்து கிளம்பினோம், நானும், தை மாதம் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளவிருந்த பிரபாகரும். காஞ்சிபுரத்தில் கூறைப்புடவை எடுக்க வேண்டும். வண்டி அவருடையது, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பெண் பார்க்க வந்த அன்று அதைப் பற்றி என் அப்பாவிடம் அரை மணி நேரம் பேசியவர். வாகனப் பழுது கண்டறிவதுதான் என் வேலை. என்னிடம் அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை.

9.30. காந்தி ரோடு. மூன்றாவது கடையில் மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். முந்தானைக்குக் குஞ்சம் கட்ட நேரமாகும் என்றார் கடை அக்கா.

"அஞ்சு மணிக்கு வாங்கம்மா. அதுக்குள்ள கோயிலுக்குப் போய்க்கினு வந்துடுங்க."

ஆறு பார்க்கலாம் என்றார் பிரபாகர். வாலாஜாபாத் வழியாகத் திருமுக்கூடல் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். கோயில் சுவர் முழுக்கச் சோழர் காலக் கல்வெட்டுகள். ஆற்றில் ஓரமாக ஒரு கால்வாய் அளவு தண்ணீர், மீதி மணல்.

12.20. "நம்ம வண்டி எங்கயும் போகும்" என்று கரையிலிருந்து இறக்கினார். முப்பது அடி போனது. முன்சக்கரங்கள் சுழன்று புதைந்தன. நான் இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரங்கள் அசையவே இல்லை.

வரிசைப்படி பார்த்தேன். நான்கு டயரும் ஒரே அளவா? ஆம். பின்னச்சுக்கு விசையைச் சேர்த்துவிடும் இணைப்பான் சூடேறித் தன்னைத் துண்டித்துக்கொண்டதா? பத்து நிமிடம் ஆறவிட்டேன், மாற்றமில்லை. ஃப்யூஸ் சரி. என் பையிலிருந்த ஸ்கேனரைச் செருகினேன். பழுது எதுவும் பதிவாகவில்லை. பின்சக்கரத்துக்குக் கட்டளை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருந்தது அடிப்பக்கம். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மணலைக் கையால் தோண்டினேன். முதுகு சுட்டது.

வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று கரையில் நின்றது. ஓட்டி வந்த ஏழுமலை குரல் கொடுத்தார்.

"இன்னாமா பண்றே அடியில? வெளிய வா, சங்கிலி போட்டு இழுத்துக்கலாம்."

"இருங்கண்ணே" என்றார் நிழலில் நின்ற பிரபாகர். "மேடம் இன்ஜினியரு. கண்டுபுடிச்சிக்கினு இருக்காங்க."

1.00. கண்டுபிடித்தேன். முன்பக்கத்து விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு இல்லை. அது பூட்டப்பட வேண்டிய போல்ட் துளைகளில் பழைய மண் அடைந்திருந்தது. வெளியே வந்து சொன்னேன். ஏழுமலை குனிந்து பார்த்தார்.

"இன்னாபா இது, நடுவுல ஒண்ணுமே காணோம்! எவனாச்சும் அவுத்துக்கினு போய்ட்டானா?"

பிரபாகர் சிரித்தார். "நான்தான் கழட்டச் சொன்னேன். ஒரே சத்தம். எட்டு மாசம் ஆச்சு. மைலேஜ்கூட நல்லா குடுக்குது."

"அப்புறம் ஏன் மணல்ல எறக்குனீங்க?" என்று கேட்டேன்.

"கெட்டியா இருக்குதுன்னு நெனச்சேன்."

"வண்டி மணல்ல மாட்டுனதும் சொல்லியிருக்கலாமே?"

"நீ கண்டுபுடிக்கிறியான்னு பாத்தேன். நாப்பது நிமிஷம் எடுத்துக்கினியே!"

ஏழுமலை சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார். "சாவிய ஜோபில வெச்சிக்கினு அந்தப் பொண்ண மணல்ல தேட வுட்டியாபா?"

வெட்கத்தில் மறைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அப்படியும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அவர் பெண் பார்க்க வந்தது ஆறு மாதத்துக்கு முன். அன்று அப்பாவிடம் நான்கு சக்கரத்தின் பெருமையைப் பேசும்போதே தண்டு இல்லை.

வண்டி கரையேறியது. அவர் கதவைத் திறந்துவிட்டார். நான் பையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ஒரு தமாஷுக்கு இவ்ளோ கோவமா?" என்றார். கோபம் அப்போது வரவில்லை. பழையசீவரம் போகும் ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் வந்தது.

2.15. பழையசீவரம் நிறுத்தம். செங்கல்பட்டுக்குச் சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பல்லிடுக்கில் மணல்.

எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், கழற்றியவரே ஸ்டியரிங்கில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். என்ன இல்லை, எந்தத் தேதியிலிருந்து இல்லை, அவர் கையெழுத்து. அடுத்து உட்காருபவர் ஏமாறக் கூடாது என்பதற்காக. போன மாதம்தான் பயிற்சிக்கு வந்த ஒருவனை இதற்காகத் திட்டினேன்.

வாலாஜாபாத் பக்கம் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கடை அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அந்த மஞ்சள் புடவைக்குக் குஞ்சம் கட்ட வேண்டாம்."

"ஏம்மா, கலர் புடிக்கலியா?"

"கலர் நல்லாத்தான் இருக்கு."

"பாதி கட்டிட்டாங்களேமா."

"பாதியோட நிறுத்திடுங்க அக்கா."