இரும்பு மூக்குச் சப்பாத்து

என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வயதுவரை காலில் எதையும் போட்டதில்லை. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, வெறுங்காலோடு மலையேறி வளர்ந்தவர். நின்றால் விரல்கள் ஐந்தும் விரிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நான் வழுக்கி விழும் பாதையில் அவர் தலையில் விறகோடு சாதாரணமாக இறங்கி வருவார்.

தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்தபோது நாங்கள் மாத்தளைப் பக்கம் இறங்கி வந்துவிட்டோம். யட்டவத்தைக்குப் போகும் பாதையில் ஒரு மர ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. லொறியில் வரும் மரக்குற்றிகளை அலவாங்கால் நெம்பி இறக்கி, வாள் இருக்கும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போகவேண்டும். அவரோடு வேலை செய்த ஒரு சிங்கள ஆளின் காலில் ஒருநாள் குற்றி ஏறிவிட்டது. பாதம் நசுங்கிப்போனது. அடுத்த நாளே முதலாளி சொல்லிவிட்டாராம், மூக்கில் இரும்பு வைத்த சப்பாத்து இல்லாமல் இனி ஒருவரும் குற்றியைத் தொடக்கூடாது என்று. இரண்டு வாரம் தவணை. சப்பாத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும்.

அவருக்கு லீவு இல்லை. அதனால் நான்தான் போனேன். கடையில் கால் நம்பர் கேட்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அவருக்கு எந்த நம்பர் என்று யாருக்குத் தெரியும்? ஒரு தென்னை ஈர்க்கை அவர் காலடியில் வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல்வரை அளந்து ஒடித்துக்கொண்டேன்.

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. மாத்தளையில் திருகோணமலை வீதி நெடுக ஏறி இறங்கினேன். சப்பாத்துக் கடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கன்வஸ் சப்பாத்தும் றப்பர் செருப்பும்தான் இருந்தன. இரும்புச் சாமான் கடையில் வயலுக்குப் போடும் றப்பர் பூட்ஸைக் காட்டினார்கள். குற்றி விழுந்தால் அது என்ன செய்யும்? இன்னொரு கடையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சப்பாத்து போட்டு வேல செய்றதுக்கு ஒங்க புருஷன் என்ன தொரையா?" என்று கேட்டார். இறங்கி அடுத்த கடைக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவுல டவுன் வரைக்கும் பஸ்ஸில் போய்த் தேடினேன். அங்கேயும் இல்லை.

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் தோல் சாமான் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். வயதானவர். நான் கேட்டதைக் கடைசிவரை கேட்டார்.

"அந்த மாதிரி சப்பாத்து இப்ப எங்க தங்கச்சி ஈக்கிது? எல்லாம் நின்டு போச்சே," என்றார். நான் திரும்பும்போது, "கொஞ்சம் இரிங்க" என்று ஏணி வைத்துக் கூரைக்கடியில் இருந்த அட்டாலில் ஏறினார். தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே கறுப்புத் தோல் பூட்ஸ். மூக்கில் இரும்புத் தகடு. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஃபேக்டரியில் எஞ்சின் பார்த்த ஒருவர் சொல்லி வைத்துவிட்டு வரவே இல்லையாம்.

ஈர்க்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். நூல் பிடித்தாற்போல் சரியாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. நானா, "அல்லாஹ் ஒங்களுக்குத்தான் எழுதி வெச்சீக்கிறான்" என்றார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அன்று மாலை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போட்டார். நுழைக்க நெடுநேரம் ஆனது. எழுந்து நாலு எட்டு வைத்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"சரியா இருக்கு புள்ள."

நான் நீளத்தைத்தான் அளந்திருந்தேன். அகலத்தை அளக்க எனக்குத் தோன்றவில்லை.

மழை தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். அவருக்குத் தாகம் அதிகமாகியிருந்தது, உடம்பும் மெலிந்திருந்தது. வேலைக் களைப்பு என்றுதான் நினைத்தோம். ஒருநாள் அவர் பூட்ஸைக் கழற்றியபோது வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு காலில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கறுத்துப்போயிருந்தன. பாதத்தின் ஓரத்தில் பெரிய புண். "ஐயோ, வலிக்கலயா?" என்று கத்தினேன். "மொதல்ல வலிச்சிச்சு. இப்ப ஒன்னுமே தெரியல" என்றார்.

மாத்தளை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்குத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். காலை ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார்.

"இவருக்குச் சீனி வருத்தம் கடுமையா இருக்கு அம்மா. காலிலை உணர்ச்சியே இல்லை. ஏன் இவ்வளவு நாளும் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

இரத்தத்தில் சீனி கூடும் அந்த வருத்தம் அவருக்கு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆலையில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். நான் டவுனில் ஒரு மிளகுக் கடையில் புடைக்கிற வேலைக்குப் போனேன். அவர் வீட்டில் இருந்து சோறு ஆக்குவார். என்னை ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அலைந்து வாங்கிவந்ததால், என் மனம் நோகக்கூடாது என்றுதான் சப்பாத்து கடிக்கிறது என்று சொல்லாமல் இருந்தார் என நினைத்திருந்தேன். ஒரு வருடம் அந்த நினைப்போடு இருந்துவிட்டு, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கடிக்குதுன்னு ஏங்க ஒரு வார்த்த சொல்லல? மாத்திக் குடுத்திருப்பேனே."

மறைத்துப் பேசத் தெரியாத மனுஷன்.

"சப்பாத்துன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் புள்ள. நான் முன்னப்பின்ன போட்டவனா? தோட்டத்துக் கிளாக்கரய்யா, தொரைமாருக எல்லாம் இந்த நோவோட எப்படித்தான் நாள் பூரா நடக்கிறாங்களோன்னு பாவமா இருந்திச்சு."

அவர் சிரித்தார். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். கண்டி ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

அதன்பிறகு நாலு வருடம் இருந்தார். மற்றக் காலிலும் புண் வந்தபோது அவராகவே முதல் நாளே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்படியும் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.